பாஸ்போர்ட்டில் ஜெர்மனி, பேச்சில் ஆஸ்திரியா: இறந்த பிறகு உலகப் பட்டம் வென்ற பந்தய வீரர்

பார்முலா-1 கார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் ஜெர்மானியர் யார்? விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர்களைக் கேட்டால் சட்டென்று மைக்கேல் ஷூமாக்கர் என்பார்கள். வருஷம் 1994. பதிவேடுகளும் அப்படித்தான் சொல்கின்றன.

ஆனால் அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1970ல், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றிருக்கிறார். ஜெர்மனியில் பிறந்தவர். தகப்பனார் ஜெர்மானியர். கடைசி மூச்சு வரை ஜெர்மன் பிரஜை. இருந்தும் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "ஆஸ்திரியா" என்று இருக்கிறது.

அவர் பெயர் கார்ல் யோஹன் ரிண்ட். பட்டம் அவருடையது என்று முடிவானபோது அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பார்முலா-1 வரலாற்றில் மரணத்துக்குப் பிறகு சாம்பியன் ஆனவர் அவர் ஒருவர்தான்.

இந்த மனிதரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? பிறந்த மண்ணைப் பார்ப்பதா, பாஸ்போர்ட்டைப் பார்ப்பதா, வாயைத் திறந்தால் வருகிற பேச்சைப் பார்ப்பதா? வெளி மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, விண்ணப்பத்தில் "சொந்த ஊர்" என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை நிறுத்தி யோசித்த தகப்பன்மார்களுக்கு இந்தக் கேள்வியின் சங்கடம் நன்றாகவே புரியும்.

பெயரில் ஒரு மொழிப் பாடம்

முதலில் அவர் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஜோச்சன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆங்கிலேயர்கள் பலர் ஜாக்கன் என்றார்கள். ஜெர்மன் மொழியில் "ஜே" என்ற எழுத்துக்கு "ய" என்ற ஒலிதான். நடுவில் வருவது தொண்டையைச் செருமுவது போன்ற ஒரு "ஹ". ஆகவே யோஹன். யோவாகிம் என்ற பைபிள் பெயரைச் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிடுவது அது. நம் சுப்பிரமணியன் மணி ஆவதைப் போல.

ரிண்ட் என்ற குடும்பப் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் மொழியில் அதே உச்சரிப்பில் இன்னொரு சொல் இருக்கிறது. அதற்கு மாடு என்று பொருள். எழுத்தில் ஒரு எழுத்து வித்தியாசம். காதுக்கு வித்தியாசமே கிடையாது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதைச் சும்மா விட்டிருப்பார்களா என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மசாலா மில் வாரிசு

ரைன் நதிக்கரையில் உள்ள மைன்ட்ஸ் நகரில் 1942 ஏப்ரல் 18ந் தேதி ரிண்ட் பிறந்தார். மிளகு, மசாலாச் சரக்குகளை அரைத்து விற்கும் "கிளைன் அண்ட் ரிண்ட்" என்ற மில் தகப்பனாருடையது. தாயார் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்தவர்.

அந்த 1942ல் உலகப் படத்தில் ஆஸ்திரியா என்ற நாடே இல்லை. 1938 மார்ச்சில் ஹிட்லர் அதை விழுங்கி ஜெர்மனியோடு சேர்த்துவிட்டார். மைன்ட்ஸும் கிராட்ஸும் ஒரே ஆட்சியின் கீழ் இரண்டு ஊர்கள். மாப்பிள்ளை ஒரு தேசம், பெண் ஒரு தேசம் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை.

1943 ஜூலைக் கடைசியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஹாம்பர்க் நகரின் மீது தொடர்ந்து குண்டு வீசின. தீப்புயல் எழுந்து நகரின் பெரும்பகுதி சாம்பலானது. 35,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரிண்டின் தாயும் தந்தையும் அவர்களில் இருவர். குழந்தைக்கு அப்போது 15 மாதம்.

தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியும் குழந்தையைக் கிராட்ஸுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். பாட்டனார் ஊரில் வசதியான வக்கீல். குழந்தை பேசப் பழகியது அந்த வீட்டில். ஆகவே அவன் வாயில் வந்தது ரைன் கரை ஜெர்மன் அல்ல, ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஸ்டைரியா மாநிலத்தின் ஜெர்மன்.

1945ல் யுத்தம் முடிந்தது. ஆஸ்திரியா மறுபடியும் தனி நாடானது. கிராட்ஸ் பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் வந்தது. நேற்று வரை ஒரே ராஜ்ஜியத்தில் இருந்தவர்களுக்கு நடுவே எல்லைக் கோடு விழுந்தது. அந்தக் காலச் சட்டப்படி பிள்ளைக்குத் தகப்பன் வழியில்தான் பிரஜா உரிமை. தகப்பனார் மைன்ட்ஸ்காரர், ஆகவே பிள்ளை ஜெர்மானியன். மூன்று வயதுச் சிறுவன் தான் வளர்ந்த வீட்டிலேயே, படுத்திருந்த கட்டிலை விட்டு இறங்காமலே, வெளிநாட்டுக்காரனாகிவிட்டான்!

ஜெர்மன் என்று சொல்லக் கூசிய காலம்

இங்கே மொழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விஷயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பேசுவது ஒரே மொழி. சுவிட்சர்லாந்தின் பெரும்பகுதியிலும் அதுவே. ஆனால் ஊருக்கு ஊர் சாயல் வேறு. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் ஒன்றுதான். இருந்தாலும் இரண்டு வாக்கியம் பேசினால் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? அதே கதை. தக்காளியை ஜெர்மனியில் "டொமாட்டே" என்கிறார்கள். ஆஸ்திரியாவின் பழைய சொல் "பாரடைசர்". சொர்க்கத்தின் கனி என்பது அதன் மூலம். உருளைக்கிழங்கு அங்கே "கார்டோபல்", இங்கே "எர்டாப்பல்", அதாவது மண் ஆப்பிள். காலிபிளவர் அங்கே "புளூமன்கோல்", இங்கே "கார்பியோல்". ஜனவரி மாதத்தின் பெயர்கூட வேறு. அங்கே "யானுவார்", இங்கே "யேனர்".

யுத்தத்துக்கு முன் இதெல்லாம் கேலிக்குரிய வித்தியாசமாக மட்டும் இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு அரசியல் ஆகிவிட்டது. ஹிட்லரின் ஜெர்மனியோடு தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று காட்ட ஆஸ்திரியர்கள் தவித்தார்கள். (ஹிட்லரே ஆஸ்திரியாவில் பிறந்தவர்தான் என்பதை அவர்கள் நினைவுபடுத்திக்கொள்ள விரும்பவில்லை.) பெலிக்ஸ் ஹுர்டெஸ் என்பவர் 1945 முதல் 1952 வரை கல்வி அமைச்சராக இருந்தார். அவர் காலத்தில் பள்ளிக்கூட மார்க் ஷீட்டில் "ஜெர்மன்" என்ற பாடத்தின் பெயரை எடுத்துவிட்டு "போதனை மொழி" என்று போட்டார்கள்! பாடம் அதே பாடம், இலக்கணம் அதே இலக்கணம். பெயரைச் சொல்ல மட்டும் கூச்சம். மக்கள் அதை "ஹுர்டெஸ்தான் பாஷை" என்று கிண்டல் செய்தார்கள். 1951ல் ஆஸ்திரிய அகராதி என்று தனியாக ஒன்றும் வெளியாயிற்று.

அந்தப் பிடிவாதம் லேசில் போகவில்லை. 1995ல் ஐரோப்பிய யூனியனில் ஆஸ்திரியா சேர்ந்தபோது, உணவுப் பண்டங்களுக்கான 23 ஆஸ்திரியச் சொற்களை ஒப்பந்தத்திலேயே பட்டியல் போட்டுச் சேர்த்துக்கொண்டது. பாரடைசரும் கார்பியோலும் அந்தப் பட்டியலில் உண்டு. நாட்டையே சந்தையில் இணைக்கச் சம்மதித்தவர்கள் காய்கறிப் பெயரை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

சிறுவன் ரிண்ட் பள்ளிக்கூடம் போனது இந்தக் கூச்சமும் பிடிவாதமும் உச்சத்தில் இருந்த வருஷங்களில்தான். கையில் ஜெர்மன் பிரஜை என்ற காகிதம். வாயில் ஆஸ்திரியப் பேச்சு. சுற்றிலும் ஜெர்மனி என்றாலே முகம் சுளிக்கிற பெரியவர்கள்.

கொடியின் பாஷை தெரியாதவர்

படிப்பு அவருக்கு ஏறவில்லை என்பதைவிட ஒழுங்கு ஏறவில்லை என்பதே சரி. பள்ளிக்கூடம் மாறினார். பாட் ஆவுசே என்ற மலையூர்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஹெல்முட் மார்கோ என்ற கிராட்ஸ் பையனும் அங்கே கூட்டாளி. இந்த மார்கோ பின்னாளில் தாமும் பந்தய வீரராகி, 1971ல் லே மான் பந்தயத்தை வென்று, 1972ல் பிரெஞ்சுப் பந்தயத்தில் கல் தெறித்து ஒரு கண்ணை இழந்தவர். ரெட் புல் அணியின் ஆலோசகராக நீண்ட காலம் இருந்து இளம் வீரர்கள் பலரைக் கொண்டுவந்தவரும் அவரே.

ஆங்கிலம் கற்க ரிண்டை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆங்கிலத்தோடு வேறொன்றையும் கற்றுக்கொண்டு வந்தார். தங்கியிருந்த இடத்துக்கு அருகே குட்வுட் பந்தயப் பாதை இருந்தது.

1961ல் முதல் பந்தயம். பாட்டியின் சிம்கா காரை எடுத்துக்கொண்டு போய்க் கலந்துகொண்டார். ஓட்டிய முரட்டுத்தனத்தைப் பார்த்து அதிகாரிகள் கறுப்புக் கொடி காட்டினார்கள். பந்தயத்தை நிறுத்தி உடனே உள்ளே வா என்று அதற்கு அர்த்தம். அந்த அர்த்தம் தெரியாததால் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்தார். வீட்டில் ஜெர்மன், இங்கிலாந்தில் ஆங்கிலம் என்று கற்றவருக்குக் கொடிகளின் பாஷையை யாரும் சொல்லித்தரவில்லை.

பந்தயத்தில் கலந்துகொள்ள லைசென்ஸ் வேண்டும். அந்தந்த நாட்டு மோட்டார் சங்கம் அதைக் கொடுக்கும். ரிண்ட் இருந்தது கிராட்ஸில். ஆகவே ஆஸ்திரியச் சங்கத்திடம் வாங்கினார். அந்தக் கால விதிப்படி எந்த நாட்டு லைசென்ஸோ அந்த நாட்டு வீரர். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. ஒரு குமாஸ்தா மேஜையில் நடந்த சின்ன வேலை அது. உலகப் பட்டியலில் ஒரு நாட்டின் பெயரை அதுதான் நிர்ணயித்தது.

ஒரே நாளில் புகழ்

1964 மே 18ந் தேதி லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பார்முலா-2 பந்தயம். 1962ன் உலக சாம்பியன் கிரஹாம் ஹில் அதில் ஓடினார். பெயர் தெரியாத 22 வயது இளைஞர் ஒருவர், கார் பக்கவாட்டில் சறுக்கச் சறுக்க ஓட்டி, ஹில்லை முந்தி வென்றார். மறுநாள் பத்திரிகைகள் யார் இந்த ரிண்ட் என்று கேட்டன.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் செல்ட்வெக் விமான தளத்தில் நடந்த கிராண்ட் பிரீயில் பார்முலா-1 பிரவேசம். 1965ல் அமெரிக்கர் மாஸ்டன் கிரிகரியுடன் சேர்ந்து பெராரி காரில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். அதே வருஷம் வியன்னாவில் பந்தயக் கார் கண்காட்சி ஒன்றைத் தம் பெயரில் நடத்தினார். முதல் சனி, ஞாயிறில் மட்டும் 30,000 பேர் வந்தார்கள்.

ஆஸ்திரியாவில் அதுவரை கார் பந்தயம் என்றால் சில பணக்காரர்களின் பொழுதுபோக்கு. பனிச்சறுக்குதான் தேசிய விளையாட்டு. ரிண்ட் அதை மாற்றினார். ஓட்டிய வேகம் மட்டும் காரணமல்ல, பேச்சும் ஒரு காரணம். ஆஸ்திரிய டெலிவிஷனில் "மோட்டோராமா" என்ற நிகழ்ச்சியை அவரே நடத்தினார். ஒடுங்கிய முகம், சப்பையான மூக்கு, கரகரத்த குரல். பெரிய வீரர்களை வீட்டுக்கு அழைத்து வந்து அறிமுகப்படுத்துவதைப் போன்ற தோரணை. பேசியதோ கிராட்ஸ் வீதியில் கேட்கிற ஜெர்மன். டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்த வியன்னாக்காரனும் ஸ்டைரியாக்காரனும் "நம்ம பையன்" என்று சொன்னதற்கு எந்த மோட்டார் சங்கமும் முத்திரை குத்த வேண்டியிருக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் ஆஸ்திரியாவில் தொடர்ந்து வசிக்கவும் இல்லை. மனைவி நீனா பின்லாந்துக்காரர். வீடு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் பக்கம். அங்கே கடையிலும் தபால் ஆபீசிலும் பிரெஞ்சு. ஓட்டிய அணிகள் கூப்பர், பிராபம், லோட்டஸ். எல்லாம் இங்கிலாந்தில் இருந்தவை, அங்கே ஆங்கிலம். பாஸ்போர்ட் ஜெர்மனி. ஒருமுறை பேட்டியில், உங்களை ஜெர்மானியராக நினைக்கிறீர்களா, ஆஸ்திரியராகவா என்று கேட்டார்கள். தம் பூர்வீகம் பயங்கரக் கலவை என்று சொல்லிவிட்டு, தம்மை ஐரோப்பியராகவே நினைப்பதாகப் பதில் கொடுத்தார். கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் டெலிவிஷனில் அவர் பேசியதைக் கேட்ட எவருக்கும் ஐரோப்பா என்று ஒரு மொழி இருப்பதாகத் தோன்றியிருக்காது.

1970: ஐந்து வெற்றிகள்

வேகம் இருந்தும் பார்முலா-1ல் வெற்றி வரவில்லை. வருஷக் கணக்காகக் கார்கள் நடுவழியில் நின்றன. 1969ல் லோட்டஸ் அணியில் சேர்ந்தார். அணியின் தலைவர் கோலின் சாப்மன் மேதாவி. ஆனால் எடையைக் குறைக்க எதையும் மெலிதாக்கிவிடுவார் என்று பெயர். அந்த வருஷம் ஸ்பெயினில் காரின் இறக்கை முறிந்து ரிண்ட் விபத்துக்குள்ளானார். குணமானதும் இறக்கைகளின் ஆபத்தைப் பற்றிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1969 அக்டோபரில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பாதையில்தான் முதல் வெற்றி.

1970 வேறு மாதிரி வருஷம். மே 10ந் தேதி மொனாக்கோ. ரிண்ட் ஓட்டியது பழைய மாடல் கார். கடைசிச் சுற்றுகளில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஜாக் பிராபமை நெருங்கிக்கொண்டே வந்தார். பிராபம் மூன்று முறை உலக சாம்பியன், 44 வயது அனுபவஸ்தர். கடைசிச் சுற்றின் கடைசி வளைவு. பின்னால் வருகிறவனின் நெருக்கடியில் பிராபம் பிரேக்கைத் தாமதமாக அழுத்தினார். கார் சறுக்கி நேரே போய்த் தடுப்பில் முட்டியது. ரிண்ட் பக்கத்தில் புகுந்து வெற்றிக் கோட்டைத் தாண்டினார்.

அடுத்து லோட்டஸ்-72 என்ற புதிய கார். ஆப்பு வடிவத்தில் முன்பக்கம் சரிந்து, ரேடியேட்டர்கள் இரு பக்கவாட்டிலும் இருக்கும் கார் அது. ஹாலந்தில் வெற்றி. ஆனால் அதே பந்தயத்தில் நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ் தீயில் கருகி இறந்தார். வெற்றி மேடையில் ரிண்டின் முகத்தில் சந்தோஷமே இல்லை. பிறகு பிரான்ஸில் வெற்றி. இங்கிலாந்தில் மறுபடியும் பிராபம் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து தவிக்க, அதிலும் வெற்றி.

ஆகஸ்ட் 2ந் தேதி ஜெர்மன் கிராண்ட் பிரீ. வழக்கமான நூர்பர்க்ரிங் பாதையில் பாதுகாப்பு போதாது என்று வீரர்கள் மறுத்ததால் ஹாக்கன்ஹைமில் நடந்தது. அப்படிக் குரல் கொடுத்தவர்களில் ரிண்ட் ஒருவர். பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ் பெராரியில். இருவரும் மாறி மாறி முன்னேறி, கடைசியில் ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ரிண்ட் வென்றார்.

இந்த வெற்றியில்தான் கணக்கின் விசித்திரம் தெரிகிறது. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தவர், ஜெர்மன் மண்ணில், ஜெர்மன் கிராண்ட் பிரீயை வென்றார். பதிவேட்டில் அது ஆஸ்திரிய வெற்றி. 1939ல் ருடால்ப் கராச்சியோலா வென்றதற்குப் பிறகு ஜெர்மன் கிராண்ட் பிரீயை வென்ற ஜெர்மானியர் என்று பதிவேடுகள் காட்டுவது 1995ல் ஷூமாக்கரைத்தான். நடுவில் இருக்கும் 1970 கணக்கில் வராது. (அந்தக் கராச்சியோலாவின் பெயரும் இத்தாலியப் பெயர். பிறந்தது ரைன் கரை ரெமாகன். அவர் பெயரை உச்சரிக்க முடியாத ஜெர்மன் ரசிகர்கள் "கராட்ச்" என்று வெட்டிக் கூப்பிட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு அவர் சுவிஸ் பிரஜை ஆனார்.)

ஐந்து வெற்றி, ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி. மொத்தம் 45. ஆகஸ்ட் 16ந் தேதி சொந்த ஊர்க்காரர்கள் ஸ்டைரியாவின் புதிய ஆஸ்டரைக்ரிங் பாதையில் திரண்டு வந்து காத்திருந்தார்கள். முதல் வரிசையில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். என்ஜின் பழுதாகி நின்றுவிட்டார். இக்ஸ் வென்றார். ஊரார் முன் அவர் ஓடிய கடைசி கிராண்ட் பிரீ அது.

மோன்ஸா

1970 செப்டம்பர் 5, சனிக்கிழமை. இத்தாலியின் மோன்ஸா பாதையில் பயிற்சி ஓட்டம். நேர்ப்பாதையில் வேகம் கூட வேண்டுமென்று காரின் இறக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். பாரபோலிகா என்ற வளைவுக்கு முன் பிரேக் போட்டபோது கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் இரும்புத் தடுப்பில் மோதியது. வலது முன்சக்கரத்துக்கான பிரேக் தண்டு முறிந்திருந்தது. சீட் பெல்ட்டில் தொடைகளுக்கு இடையில் வரும் பட்டையை அவர் பூட்டுவதில்லை. தீப்பிடித்தால் சட்டென்று வெளியே வர வேண்டும் என்ற எண்ணம். மோதலில் உடல் கீழே சறுக்கி, பெல்ட்டே எமனாயிற்று. வயது 28.

அதே மோன்ஸாவில் 1961ல் இன்னொரு ஜெர்மானியர், வோல்ப்காங் வான் டிரிப்ஸ், உலகப் பட்டத்துக்கான புள்ளிகளில் முதலிடத்தில் இருந்தபோது மாண்டார். பார்வையாளர்கள் பலரையும் அந்த விபத்து பலி கொண்டது. பட்டம் ஒரே ஒரு புள்ளியில் கைநழுவிப் போனது. அவர் ஊர் கெர்ப்பன் பக்கம். ஷூமாக்கர் வளர்ந்ததும் அதே கெர்ப்பன்.

ரிண்டுக்கு அப்படி நழுவவில்லை. மோன்ஸாவுக்குப் பின் மூன்று பந்தயங்கள் பாக்கி. இக்ஸிடம் 19 புள்ளிகள். மூன்றையும் வென்றால் 46 ஆகி ஒரு புள்ளியில் பட்டம் அவருக்கு. கனடாவை வென்றார். அக்டோபர் 4ந் தேதி வாட்கின்ஸ் கிளென். பெட்ரோல் குழாய்க் கோளாறால் இக்ஸ் பின்தங்கி நான்காவதாக வந்தார். வென்றவர் ரிண்டின் லோட்டஸ் அணியில் சேர்ந்திருந்த பிரேசில் இளைஞர் எமர்சன் பிட்டிபால்டி. அவருக்கு அதுதான் முதல் வெற்றி. ஓராண்டுக்கு முன் ரிண்ட் முதல் வெற்றி பெற்ற அதே பாதையில், ரிண்டின் பட்டம் உறுதியாயிற்று. இக்ஸ் கடைசியில் மெக்சிகோவையும் வென்று 40 புள்ளியோடு நின்றார். இறந்த மனிதரிடமிருந்து பட்டத்தைப் பறிக்காமல் போனதில் தமக்கு நிம்மதியே என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெருந்தன்மை என்றால் அது.

நவம்பர் 18ந் தேதி பாரிஸில், நண்பரும் 1969ன் சாம்பியனுமான ஜாக்கி ஸ்டூவர்ட் கோப்பையை நீனாவிடம் கொடுத்தார். ரிண்டின் உடல் அதற்கு முன்பே கிராட்ஸ் மத்திய மயானத்தில் அடக்கமாகியிருந்தது. மைன்ட்ஸில் அல்ல.

விதி மாறியது, பட்டியல் மாறவில்லை

பின்னாளில் சர்வதேச மோட்டார் சம்மேளனம் விதியை மாற்றிவிட்டது. இப்போதைய விதிப்படி உலகப் பட்டப் பந்தயங்களில் லைசென்ஸ் எந்த நாட்டில் வாங்கினாலும் சரி, பாஸ்போர்ட் எந்த நாடோ அந்த நாட்டு வீரர். இந்த அளவுகோலை 1970க்கு வைத்தால் முதல் ஜெர்மன் சாம்பியன் ரிண்ட். ஷூமாக்கர் இரண்டாவது. ஆஸ்திரியாவின் முதல் சாம்பியன் என்ற பெருமை 1975ல் வென்ற நிக்கி லாடாவுக்குப் போய்விடும். ஆனால் பழைய கணக்கை யாரும் திருத்தவில்லை. திருத்தச் சொல்லி ஆஸ்திரியர்கள் கேட்கப் போவதும் இல்லை.

பாஸ்போர்ட் விதியும் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை. 2016ன் சாம்பியன் நிக்கோ ரோஸ்பர்க் பிறந்தது வீஸ்பாடனில், அதாவது ரிண்ட் பிறந்த மைன்ட்ஸுக்கு நேர் எதிரே, ரைன் நதியின் அக்கரையில். தகப்பனார் கேக்கே 1982ல் பின்லாந்துக்காகப் பட்டம் வென்றவர். தாயார் ஜெர்மானியர். மகனுக்குப் பின்லாந்து மொழி பேச வராது. ஆரம்பத்தில் பின்லாந்து லைசென்சில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஜெர்மனிக்கு மாறினார். மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் பெல்ஜியத்தில் பிறந்து வளர்ந்தவர், தாயார் பெல்ஜியர். தகப்பனார் வழியில் ஹாலந்துக்காக ஓட்டுகிறார். எல்லைக்கு இரண்டு பக்கமும் பேசுவது ஒரே டச்சு மொழி.

ஜெர்மன் பேசும் வீடுகளில் லாடா வேறொரு விதத்தில் கணக்கைச் சமன் செய்தார் என்று சொல்லலாம். 1996 முதல் 2017 வரை ஜெர்மனியின் ஆர்.டி.எல். டெலிவிஷனில் பந்தய விமர்சகராக இருந்தார். சிவப்புத் தொப்பி, அச்சு அசல் வியன்னாப் பேச்சு, முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற குணம். ஷூமாக்கர் வென்ற ஞாயிற்றுக்கிழமைகளில் கெர்ப்பன் வீடுகளில்கூட ஓட்டத்தை அலசிய குரல் ஒரு ஆஸ்திரியரின் குரல்.

ரிண்ட் ஊரார் முன் ஓடிய ஆஸ்டரைக்ரிங் பாதையைப் பிறகு சுருக்கி, மாற்றிக் கட்டினார்கள். இன்று அதற்கு ரெட் புல் ரிங் என்று பெயர். ஆஸ்திரிய கிராண்ட் பிரீ அங்கேதான் நடக்கிறது. அதன் கடைசிக்கு முந்தின வளைவு வலப்பக்கம் திரும்பி இறக்கத்தில் போகிறது. வெற்றிக் கோட்டுக்குப் போகிற ஒவ்வொரு காரும், எந்த நாட்டுக் கொடியோடு வந்தாலும், அதைக் கடந்துதான் போக வேண்டும். அந்த வளைவின் பெயர் ரிண்ட்.